எழுத்துகளால் ஓடும் ரயில்

கீபோர்டில் உள்ள நான்கு குறிகளை எடுத்துக்கொள்வோம்: | / - \. இவற்றை இதே வரிசையில், திரையின் ஒரே இடத்தில், முன்னதன் மேல் அடுத்ததை எழுதிக்கொண்டே போனால் என்ன தெரியும்? விநாடிக்கு ஒருமுறை எழுதினால் குறிகள் மாறுகின்றன என்றுதான் தோன்றும். விநாடிக்குப் பத்து முறை எழுதிப் பாருங்கள். ஒரு குச்சி வலஞ்சுழியாகச் சுற்றும். பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதும், மென்பொருள் நிறுவப்படும்போதும் கறுப்புத் திரையின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தக் குச்சிதான்.

சுற்றுவது திரையில் இல்லை. 1912-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டு கோடுகளை வேறு வேறு இடங்களில் அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டால், பார்ப்பவருக்கு முதலில் ஒரு கோடும் பிறகு இன்னொரு கோடும் தெரிந்தன. 30 மில்லிவிநாடிக்குச் சுருங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. நடுவே, 60 மில்லிவிநாடியை ஒட்டி, ஒரே கோடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தது. இல்லாத நகர்வை மூளையே கட்டிக்கொடுக்கிறது. சினிமாவும் கார்ட்டூனும் நிற்பது இதன் மேல்தான். நாம் இந்த அத்தியாயத்தில் எழுதப்போகும் நிரலும் அப்படியே.

படம், ஒலி, முப்பரிமாணம் எல்லாம் கைக்கெட்டும் இந்தக் காலத்தில் எழுத்துகளை மட்டும் வைத்து அசைவு காட்டுவானேன் என்று கேட்கலாம். நிரலெழுதக் கற்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதில் மறைவிடமே கிடையாது. எந்த எழுத்து எப்போது எந்த இடத்துக்குப் போகிறது என்பதை நீங்களே சொல்ல வேண்டும். தவறினால் தவறு அந்த இடத்திலேயே தெரியும்.

டெர்மினல் என்பது அடிப்படையில் எழுத்துகளை வரிசையாக வாங்கி வரிசையாக எழுதும் கருவி. அதன் முன்னோர் தட்டச்சுப் பொறிகள். 1963-இல் வெளிவந்த டெலிடைப் மாடல் 33 விநாடிக்குப் பத்து எழுத்துகளைக் காகிதத்தில் அடித்தது. அதற்கு அனுப்பிய குறியீடுகளில் சில எழுத்துகளே அல்ல, கட்டளைகள். 13 என்ற எண் போனால் அச்சுத்தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். 10 போனால் காகிதம் ஒரு வரி நகரும். 7 போனால் மணி அடிக்கும். இன்று உங்கள் மடிக்கணினியில் திறக்கும் டெர்மினலும் இந்த எண்களை அப்படியேதான் புரிந்துகொள்கிறது. ஒரு குறியை எழுதி, 13-ஐ அனுப்பி, மறுகுறியை எழுதினால் அது பழையதன் மேலேயே விழும். காகிதத்தில் இரண்டும் சேர்ந்து மசிக்கறையாகும். கண்ணாடித் திரையில் பழையது போய்விடும். சுழலும் குச்சிக்கு இவ்வளவு போதும்.

ஆனால் குச்சியை விட்டு வெளியே வந்து திரை முழுவதையும் பயன்படுத்த வேண்டுமானால், கர்சரை நினைத்த இடத்துக்கு அனுப்பத் தெரிய வேண்டும். அதற்கான மொழியை நிலைநிறுத்தியது 1978-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற டெர்மினல். 80 கட்டம் அகலம், 24 வரி உயரம். அதன் கட்டளைகள் எல்லாம் எஸ்கேப் எனப்படும் 27-ஆம் எண்ணில் தொடங்கும். அந்த எண்ணைக் கண்டதும், அடுத்து வருவது எழுத வேண்டியதல்ல, செய்ய வேண்டியது என்று டெர்மினல் எடுத்துக்கொள்ளும். எஸ்கேப், பிறகு [ என்ற அடைப்புக்குறி, பிறகு 10;40, கடைசியில் பெரிய எழுத்து எச் என்று அனுப்பினால் கர்சர் 10-ஆவது வரியின் 40-ஆவது கட்டத்தில் போய் நிற்கும். எஸ்கேப், [, 2, பெரிய எழுத்து ஜே என்று அனுப்பினால் திரை துடைக்கப்படும். எஸ்கேப், [, 31, சிறிய எழுத்து எம் என்றால் அடுத்து வரும் எழுத்துகள் சிவப்பு. விடி100 கறுப்பு வெள்ளைதான், நிறக் கட்டளை பின்னால் வந்த டெர்மினல்களில் பரவியது.

அந்தப் பெட்டி தொழிற்சாலையில் செய்யப்படுவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் மொழி நிற்கவில்லை. லினக்ஸ், மேக் டெர்மினல்கள் எல்லாம் தங்களை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையாகவே காட்டிக்கொள்கின்றன. நீண்ட காலம் ஒதுங்கியிருந்த விண்டோஸும் தன் பத்தாம் பதிப்பில் இந்த மொழிக்கு வந்து சேர்ந்தது. இன்று கற்றுக்கொள்ளும் பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் எந்தக் கணினியிலும் செல்லும்.

முதல் நிரலை எழுத உட்கார்ந்தவுடன் ஏறக்குறைய எல்லோரும் ஒரு இடத்தில் முட்டிக்கொள்வார்கள். குச்சியின் நான்கு குறிகளையும் சுற்றில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்தில் ஒரு விநாடி உறங்கச் சொல்லி, நிரலை ஓடவிடுவார்கள். திரையில் எதுவும் வராது. சில விநாடிகள் கழித்து நிரல் முடியும்போது எல்லாக் குறிகளும் ஒரே நேரத்தில் போய் விழுந்து, கடைசிக் குறி மட்டும் தெரியும். நிரலில் பிழை எதுவும் இல்லை. எழுதச் சொன்ன எழுத்து அந்தக் கணமே திரைக்குப் போவதில்லை என்பதுதான் காரணம். அது முதலில் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்கிறது. ஆள் நிரம்பினால் ஒழிய நகராத ஷேர் ஆட்டோவைப் போல, ஒரு வரி முடிந்தால்தான் அல்லது இடம் நிரம்பினால்தான் பஃபர் கிளம்பும். நம் குச்சியோ வரியை முடிப்பதே இல்லை. எனவே ஒவ்வொரு குறிக்குப் பிறகும் 'இருப்பதை இப்போதே அனுப்பு' என்று நாமே சொல்ல வேண்டும். பைத்தானில் பிரிண்ட் கட்டளையோடு ஃபிளஷ் என்ற சொல்லைச் சேர்ப்பதும், சி மொழியில் எஃப்ஃபிளஷ் என்று எழுதுவதும் இதற்குத்தான்.

குச்சி சுற்றிவிட்டது. இனி ஒன்றை நகர்த்த வேண்டும்.

நகர்த்துவதற்கு நான் பரிந்துரைக்கும் பாடநூல் ஒரு ரயில். ஜப்பானைச் சேர்ந்த டொயோடா மசாஷி 1993-இல் எழுதிய 'எஸ்எல்' என்ற நிரல் அது. யூனிக்ஸ் கணினிகளில் கோப்புப் பட்டியலைக் கேட்க எல், எஸ் என்ற இரண்டு எழுத்துகளைத் தட்ட வேண்டும். அவசரத்தில் விரல் மாறி எஸ், எல் என்று தட்டுபவர்கள் உலகெங்கும் உண்டு. அப்படித் தட்டினால் திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு நீராவி ரயில் புகைவிட்டுக்கொண்டு கிளம்பி இடது ஓரத்தில் மறையும். தவறாகத் தட்டும் பழக்கத்தைத் திருத்துவதே நோக்கம் என்பதால், கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் மூல நிரல் நிற்காது. ரயில் முழுதும் கடந்த பிறகுதான் திரை நம் கைக்கு வரும். இன்ஜின், ஜப்பானில் 1936 முதல் 1945 வரை 1,115 எண்ணிக்கையில் கட்டப்பட்ட டி51. கொதிகலன், புகைபோக்கி, ஓட்டுநர் அறை, சக்கரங்களை இணைக்கும் தண்டு என அதன் உறுப்புகளை அடிக்கோடு, அடைப்புக்குறி, சமக்குறி போன்றவற்றாலேயே வரைந்திருக்கிறார்.

மூல நிரல் சில நூறு வரிகள்தான், யாரும் இறக்கிப் படிக்கலாம். அதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, ரயில் எதைத் துடைத்துவிட்டுப் போகிறது என்பது. அசைவுப் படம் என்றதும் தொடக்கநிலையாளர் நினைப்பது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திரையை முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி வரைவது. அப்படிச் செய்தால் படம் துடிக்கும். துடைத்ததற்கும் வரைந்ததற்கும் இடையே உள்ள வெறுந்திரையையும் டெர்மினல் சிலசமயம் காட்டிவிடுவதுதான் காரணம். டொயோடா திரையைத் துடைப்பதே இல்லை. ரயில் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்கிறது. புதிய படம் பழையதன் மேல் விழும்போது பழைய படத்தில் மிஞ்சுவது வலது ஓரத்தின் ஒரே ஒரு கட்டம். அந்த ஒரு கட்டத்தை அழிக்க ரயில் படத்தின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் இடைவெளி எழுத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார். ரயிலின் வாலில் ஒரு கட்ட அகலத்துக்கு வெறுமை ஒட்டிக்கொண்டு போகிறது. அது போகிற போக்கில் எச்சத்தை அழித்துவிடுகிறது. அந்த இடைவெளியை நீக்கிவிட்டு நிரலை ஓட்டிப் பார்த்தால் ரயில் போன பாதையெங்கும் கோடுகள் இழுபட்டுக் கிடக்கும். எதை வரைவது என்பதைவிட எதை அழிப்பது என்பதில்தான் இந்தக் கலையின் பாதி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிக்கனமான சான்று எனக்குத் தெரியாது.

புகைக்கு அந்த உத்தி போதாது, ஏனெனில் புகை மேலேயும் பக்கவாட்டிலும் கலைகிறது. அதனால் ஒவ்வொரு புகைச்சுருளுக்கும் அதன் அகலத்துக்கு ஏற்ற இடைவெளிகளால் ஆன ஓர் 'அழிப்பான்' தனியாக இருக்கிறது. முதலில் பழைய இடத்தில் அழிப்பான், பிறகு புதிய இடத்தில் அடுத்த வடிவம். ரயில் நான்கு கட்டம் நகரும்தோறும் ஒரு புதிய சுருள் பிறக்கிறது. ஒன்று வெளிர்புகை, (   ) என்று தொடங்கும். அடுத்தது கரும்புகை, (@@@) என்று தொடங்கும். பிறந்ததும் கொஞ்சம் பெருத்து, பிறகு (  ), ( ), () எனச் சுருங்கி, கடைசியில் ஒற்றை எழுத்தாகிறது. 16 படிநிலைகள். இன்ஜினின் வேகத்தைக் கண் உணர்வது சக்கரத்தைவிட இந்தப் புகையால்தான் என்று நினைக்கிறேன். பின்தங்கிக் கலைகிற ஒன்று பக்கத்தில் இருப்பதால்தான் முன்னே போகிறது ஓடுவதாகத் தெரிகிறது.

சக்கரத்தில் வேறொரு நுட்பம். தண்டும் சக்கரமும் சேர்ந்த பகுதிக்கு ஆறு வடிவங்கள் உள்ளன. எந்த ஃபிரேமில் எந்த வடிவம் என்பதைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. ரயில் நிற்கும் கட்ட எண்ணை ஆறால் வகுத்தால் வரும் மீதிதான் தீர்மானிக்கிறது. எனவே சக்கரம் சுற்றுவது ரயில் கடந்த தூரத்தோடு கட்டுண்டிருக்கிறது. நிரலின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்குவதாகத் தெரியாது. நிஜச் சக்கரத்துக்கும் விதி அதுதான்.

அடுத்தது ஓரங்கள். ரயில் 83 கட்டம் நீளம். விடி100-இன் திரையோ 80 கட்டம். ஆகவே ரயில் முழுதாகத் திரைக்குள் ஒருபோதும் அடங்காது. இடது ஓரத்தைத் தாண்டியபின் படத்தின் தொடக்கம் -5-ஆவது கட்டத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். அப்படி ஓர் இடம் திரையில் கிடையாது. அங்கே எழுதச் சொன்னால் டெர்மினல் மறுக்கும் அல்லது தவறான இடத்தில் எழுதும். எழுதும் முன் எதிரெண் தீரும்வரை வரியின் முதல் எழுத்துகளை ஒவ்வொன்றாக உதறிவிட வேண்டும். மூன்றே வரிகளில் முடிகிற இந்தச் சோதனையை விட்டுவிட்டால் ரயில் ஓரத்தைத் தொட்டதும் சிதறும். எந்த வரைகலை நிரலிலும் கடைசிவரை கூட வரும் வேலை இது.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிறகு நிரல் 40,000 மைக்ரோவிநாடி உறங்குகிறது. அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம். 80 கட்டத் திரையில் ரயில் நுழைந்து வெளியேற ஏறத்தாழ ஆறரை விநாடி. உறங்கும் நேரத்தோடு வரையும் நேரமும் சேர்வதால் மெதுவான இணைப்பில் இன்னும் கொஞ்சம் நீளும். ரயிலுக்கு அது பொருட்டல்ல. பந்து துள்ளுவதையோ கடிகார முள்ளையோ காட்டுகிறவர்கள் உறக்கத்தை நம்பக் கூடாது. கணினியின் கடிகாரத்தைக் கேட்டு, தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை வேகத்தால் பெருக்கி, பொருள் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும். ஒரு ஃபிரேம் தவறினாலும் பொருள் சரியான இடத்துக்குத் தாவிச் சேர்ந்துவிடும்.

எஸ்எல் தன் எழுத்துகளை நேரடியாக அனுப்புவதில்லை. நடுவில் 'கர்சஸ்' என்ற நூலகம் இருக்கிறது. அதன் கதை கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அன்று பலர் தொலைபேசி வழியாக, விநாடிக்கு 300 பிட் வேகத்தில் கணினியோடு பேசினார்கள். ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்றால் விநாடிக்கு 30 எழுத்து. 80 கட்டம், 24 வரி கொண்ட திரையில் 1,920 எழுத்துகள். ஒரே ஒரு முறை திரையை நிரப்ப 64 விநாடி! வேகமான 1200 பிட் இணைப்பிலும் 16 விநாடி. முழுத்திரையை மறுபடி மறுபடி அனுப்புவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பில் ஜாய் தன் 'விஐ' எடிட்டருக்காக எழுதியிருந்த கர்சர் நகர்த்தும் பகுதிகளைக் கொண்டு கென் அர்னால்ட் கர்சஸை உருவாக்கினார். அது இரண்டு திரைகளை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒன்று டெர்மினலில் இப்போது இருப்பது, மற்றொன்று இருக்க வேண்டியது. நாம் வரைவதெல்லாம் இரண்டாவதில். 'புதுப்பி' என்றதும் இரண்டையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, வேறுபடும் கட்டங்களை மட்டும் அனுப்புகிறது. கர்சரை நகர்த்துவதிலும் கணக்குப் பார்க்கிறது. 10;40 என்ற இடத்துக்கு முழுக் கட்டளையாகப் போக எட்டு பைட் வேண்டும். இலக்கு இரண்டு கட்டம் தள்ளித்தான் இருக்கிறது என்றால், இடையில் இருக்கும் இரண்டு எழுத்துகளை மறுபடி எழுதிக்கொண்டே போவது மலிவு. 1980-ஐ ஒட்டி மைக்கேல் டாய், கிளென் விச்மன் ஆகியோர் எழுதிய 'ரோக்' என்ற நிலவறை விளையாட்டு இந்த நூலகத்தின் மேல் நின்றுதான் புகழ்பெற்றது. நம் ரயிலுக்கு இதனால் என்ன லாபம்? இன்ஜின் படத்தில் நீளமான அடிக்கோட்டு வரிசைகள் உண்டு. ரயில் ஒரு கட்டம் நகரும்போது அடிக்கோடு இருந்த இடத்தில் அடிக்கோடே வருகிறது. அந்தக் கட்டங்களுக்கு எதுவும் அனுப்பத் தேவையில்லை. ஓடுவது முழு ரயில், அனுப்புவது அதன் விளிம்புகள்.

நிரல் முடியும் இடம் பற்றி ஒரு வார்த்தை, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அசைவின்போது கர்சர் கண்ணை உறுத்தும் என்பதால் அதை மறைத்துவைப்போம். தட்டும் எழுத்து திரையில் தெரியாதபடி நிறுத்தியிருப்போம். பயனர் நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தி நிரலை முறித்தால் டெர்மினல் அதே நிலையில் தங்கிவிடும். கர்சர் தெரியாது, தட்டுவது தெரியாது. விவரம் தெரியாதவர் கணினியே பழுதாகிவிட்டது என்று பயப்படுவார். ஆகவே முறிக்கும் அந்தச் செய்தியை நிரல் பிடித்துக்கொண்டு, கர்சரைத் திரும்பக் காட்டி, நிறத்தைப் பழையபடி மாற்றிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். இதைச் செய்யாத நிரல் எவ்வளவு அழகாக ஆடினாலும் முடிந்த நிரல் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி எங்காவது மாட்டிக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரீசெட் என்ற கட்டளையைத் தட்டி என்டர் அழுத்துங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் திரை சரியாகும்.

இதையெல்லாம் செய்து முடித்த தமிழ் வாசகர் அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ரயிலை நீக்கிவிட்டுத் தன் பெயரையோ ஊர்ப் பெயரையோ தமிழில் ஓடவிடுவார். அங்கே ஒரு புதுச் சிக்கல் காத்திருக்கிறது.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். டெர்மினலில் எத்தனை கட்டம்? மூன்று, ஐந்து, 15 என்ற எதுவும் விடையில்லை. யூனிகோட் துணைக்குறிகளை இடம் எடுப்பவை, இடம் எடுக்காதவை என்று பிரிக்கிறது. பல கணினிகளின் அகலக் கணக்கு அந்தப் பிரிவையே பின்பற்றி, முதல் வகைக்கு ஒரு கட்டமும் இரண்டாம் வகைக்குச் சுழியும் தருகிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் எடுக்காதவை. இகரக் குறி இடம் எடுப்பது. அந்தக் கணக்குப்படி 'தமிழ்' நான்கு கட்டம். குறிலான 'கி' இரண்டு கட்டம், நெடிலான 'கீ' ஒரு கட்டம்! வேறு சில நிரல்களும் டெர்மினல்களும் வேறு கணக்கைக் கையாள்கின்றன. நம் நிரல் ஒரு கணக்கில் கர்சரை அனுப்ப, டெர்மினல் இன்னொரு கணக்கில் எழுத, சொல் நகர நகரப் பின்னால் துண்டுகள் உதிர்ந்து கிடக்கும். கணக்கு ஒத்துப்போனாலும் வடிவம் வதைபடும். 'ர'வுக்கும் 'ண'வுக்கும் ஒரே அகலக் கட்டம்தான். 'கொ' எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பதும் எல்லா டெர்மினலுக்கும் தெரிவதில்லை.

எழுத்துகளைத் தனித்தனிக் குறியீடுகளாகப் பார்க்காமல் முழு எழுத்தாகச் சேர்த்து அளக்கும் முயற்சி சில டெர்மினல்களில் நடந்துவருகிறது. அவற்றில் பல திறந்த மூல மென்பொருள்கள். பிழையை யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யலாம். பிழையை நிரூபிக்கும் கருவி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. உயிர்மெய் வரிசை முழுவதையும், 'க'விலிருந்து 'கௌ' வரை, ஒவ்வொரு வரியில் ஒன்றாக வலமிருந்து இடமாக ஓடவிடும் ஒரு சிறு நிரலை எழுதுங்கள். ஒவ்வொன்றின் வாலிலும் டொயோடா வைத்ததைப் போல ஓர் இடைவெளியை வையுங்கள். எந்த வரியில் எச்சம் மிஞ்சுகிறதோ அந்த எழுத்தின் அகலத்தில் கணக்குத் தவறியிருக்கிறது. அந்தத் திரையின் படத்தையும், எழுத்தின் யூனிகோட் எண்களையும், டெர்மினலின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அந்த மென்பொருளின் பிழைப்பதிவில் போடுங்கள். திருத்துகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்கத் தேவையில்லை. எச்சம் அவர் கண்ணுக்கும் தெரியும்.